கசிவு

தியேட்டர் வாசலில் குடுவையை நீட்டிக்கொண்டு நின்றேன்.
டாக்டர் சுகுணவதி இரண்டு துணுக்கு போட்டார்,
ஒவ்வொன்றும் அரிசிக் குருணை அளவு.
ஒன்று கட்டியில் வெட்டியது.
மற்றது பத்து சென்டிமீட்டர் தள்ளி, நல்ல குடலில்.
பேர் எழுதக் கூடாது.
முப்பத்தொன்பது அ. முப்பத்தொன்பது ஆ.
திரவ நைட்ரஜன் விழுங்கிக்கொண்டது.
வெட்டிய நொடி எதுவோ
இனி அங்கே அதுதான் மணி.

நடைவழியில் ஒரு அம்மா, மடியில் தூக்குப்போசி,
சேலை மடிப்பில் சோமனூர்த் தறிப்பஞ்சு.
"ஏனுங் கண்ணு, அதென்னுங்க பொகையுது?"
"ஐஸுங்க."
அன்றைக்கு உள்ளே படுத்திருந்தது ஒரே ஆள்.
எண் போட்டால் ஆள் மறைந்துவிடுவாரா?

காலுக்கிடையில் குடுவை, ஸ்கூட்டர்,
ஹோப்ஸ் சிக்னல், பீளமேடு.
காந்தம் இருக்கும் அறை.
வாட்ச், சாவி, தாலிக்கொடியில் மாட்டிய ஊக்கு
எல்லாம் வெளியே, டப்பாவில்.
குருணையைக் குழலில் அடைத்து
ஐம்பத்துநான்கு டிகிரி சொச்சம் சாய்த்து
நொடிக்கு ஐயாயிரம் சுற்று.
நேராக வைத்தால் குழறும்.
அந்தச் சாய்வில்தான் வாய் திறக்கும்,
வரவு செலவு ஒப்பிக்கும்:
எவ்வளவு சர்க்கரை வந்தது,
எதை எரித்தது, எதைக் கொட்டியது.

அ-வில் சர்க்கரை தரைமட்டம்.
லாக்டேட் இரட்டைக் கொம்பாய் நின்றது,
டாரினும் கோலினும் மேடேறி.
காற்று கிடைத்தும் மூச்சு முட்டியவன் மாதிரி
அரைகுறையாய் எரித்துப்
புளிப்பைத் துப்புகிற செல்கள்.
கீழ்பவானி வாய்க்காலில் ராத்திரியோடு ராத்திரியாகக்
கள்ளக்குழாய் இறக்குவார்கள்.
விடிந்ததும் கடைமடைக்காரர் மதகைப் பார்த்தே சொல்வார்,
மேலே எவனோ உறிஞ்சுகிறான்.
ஆளைப் பிடிக்க வேண்டாம்,
தண்ணீர்க் கணக்கு போதும்.

ஆ-வை ஓட்டியபோதுதான் டீயைக் கீழே வைத்தேன்.

நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் எழுதியாயிற்று:
வெட்டு விளிம்பு சுத்தம்.
நானும் பார்த்தேன்,
பாவு நூல் மாதிரி செல்கள் வரிசையில்.
ஆனால் ஒன்று புள்ளி மூன்று மூன்றில்
சின்னதாய் ஒரு இரட்டைக் கொம்பு,
கன்றுக்குட்டிக்கு முட்டிக்கொண்டு வருகிற மாதிரி.
மூன்று தரம் ஓட்டினேன்.
மூன்று தரமும் முட்டியது.

வாய்க்கால் பாயாத காட்டிலும் கிணறு ஊறும் எங்கள் பக்கம்.
கசிவுத் தண்ணீர்.
கரைக்குக் கான்கிரீட் போடாதே என்று
பந்தல் போட்டுப் பட்டினி கிடந்திருக்கிறார் என் அண்ணன்.
கசிவை நம்பித்தான் என் படிப்புச் செலவும்.
இந்தக் கசிவை என்னவென்று சொல்ல?

டாக்டர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"நாப்பது பேர்கூட ஆகலையே அம்மிணி.
ரத்தக்குழாயக் கட்டி இருபது நிமிஷம் கழிச்சுத்தான் வெட்டுனேன்.
அந்த மூச்சுமுட்டல்கூட இப்படிப் புளிக்கும்.
இதைச் சீட்டுல எழுதி அவர் கையில எப்படிக் குடுக்க?"
குடுக்க முடியாது.
எனக்கும் தெரியும்.
அடுத்தது நாற்பது அ, நாற்பது ஆ.

எட்டாம் நாள், மருந்து கவுண்டர் வரிசையில் அதே தூக்குப்போசி.
"சுத்தமுன்னு எழுதியிருக்குதாமுங்க,
எல்லாம் எடுத்தாச்சுங்களாமா?"
"ஆமாங்க."
சொல்லிவிட்டு நகர்ந்தேன்.
நாலு எட்டு.
திரும்பி லிஃப்ட் வரைக்கும் ஓடினேன்.
"மூணு மாசம் கழிச்சு வரச் சொன்ன தேதி,
அத மட்டும் உட்றாதீங்க.
மழையின்னாலும். தறியில லோடு இருந்தாலும்."

போசியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.
என் முகத்தையே பார்த்தார்.
"அன்னைக்குப் பொகைஞ்சது
வெறும் ஐஸு இல்லீங்கல்ல?"

லிஃப்ட் வந்துவிட்டது.
கதவு மூடாமல்
பித்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்.